ஒரே வயலுக்கு இரண்டு வெற்றிலை

கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், கமுதிப் பக்கத்து எங்கள் கரிசல் ஊரில் கட்டிலைப் போட்டுக் காலை நீட்டிப் படுத்திருக்கலாம் என்று கனவு கண்டிருந்தேன். அக்கா விடவில்லை. வந்த வாரமே ஆரம்பித்துவிட்டாள். "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறதுக்கா கப்பலேறி வந்த? போயி ஒம் மச்சானக் கூட்டிட்டு வாடா" என்றாள்.

மச்சான் கருப்பையா கீதாரி. அதாவது செம்மறி ஆட்டு மந்தைக்குத் தலைவர். எங்கள் பக்கத்தில் தை பிறந்தால் புல் கருகிவிடும். அப்போது தஞ்சாவூர்ச் சீமையில் சம்பா அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கும். மந்தையை அங்கே ஓட்டிப் போய்விடுவார்கள். பகலெல்லாம் அறுத்த தாளிலும் வரப்பிலும் மேய்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஒரு வயலில் வலை கட்டி அடைப்பார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். இதற்குக் கிடை போடுவது என்று பெயர். அதற்குக் கூலியாக வயல்காரர் நெல் அளப்பார்.

அக்காவின் மகளுக்குப் பங்குனிக் கடைசியில் பரிசம் போட முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, ஆடு கேட்டார்கள். பெண்ணைப் பெற்றவரும் தஞ்சாவூரில், பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய ஆடும் தஞ்சாவூரில். சரி, போய்த் தொலைக்கிறேன் என்று கிளம்பினேன். போகும்போது அக்கா ஒரு மூட்டைக் கருவாட்டைத் தலையில் கட்டினாள்.

கும்பகோணத்தில் காபி குடித்தேன். தேயிலைத் தண்ணீர் விற்று வயிறு வளர்ப்பவன் நான். காபியைப் புகழ எனக்கு மனசு வராது. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, ஒன்று குடித்துவிட்டு உடனே இன்னொன்று கேட்டேன். இட்லி சுமார்தான். பாத்திரக் கடைத் தெருவில் இரண்டு பக்கமும் அடித்த அடியில் காது அடைத்துப் போனது. கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில்கூட இந்த இரைச்சல் கிடையாது என்று சொன்னால் அங்கிருப்பவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

திருப்பனந்தாள் பஸ்ஸில் எனக்கு முன்னால் பட்டு நெய்கிற வீட்டுப் பெண்கள் இருவர் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொண்டு வந்தார்கள். அடிக்கடி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார், தரங்கம்பாடிக்காரர், கும்பகோணத்தில் ஜவுளி எடுத்துக்கொண்டு திரும்புகிறவர். "என்னங்க சொல்றாங்க?" என்று அவரிடம் கேட்டேன். அவர் தயங்காமல் மொழிபெயர்த்தார். "'இந்த மனுசன் மூட்டையில என்னத்தை வச்சிருக்கான்னு தெரியல, செத்தது ஏதோ இருக்கு'ங்கிறாங்க." நான் கருவாட்டு மூட்டையைக் காலுக்கு அடியில் தள்ளிக்கொண்டேன். பாய் சிரித்து, தன் பொட்டலத்திலிருந்து கடலை கொடுத்தார்.

பாதி வழியில் பஸ் நின்றது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினோம். தள்ளியும் அது அசையவில்லை. எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். ரோட்டோரம் வரிசையாகக் கொடிக் கம்பங்கள். கறுப்பு சிவப்புக் கொடி ஒன்று, அதற்கு எதிரே செங்கொடி ஒன்று. "இந்தப் பக்கம் எப்படிங்க, அமைதியா?" என்று பாயிடம் கேட்டேன். "ஆட்சி மாறிடுச்சு. பண்ணை ஏஜெண்டுங்க மாறல" என்றார். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் போன கிராமத்தின் பெயர் வேண்டாம். மண்ணியாற்றுக்குப் பக்கத்தில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் பளபளத்தது. ஆனால் கரையெல்லாம் பச்சை. மேட்டூரை மூடி எத்தனை நாள் ஆகியும் இந்த மண்ணில் ஈரம் வற்றவில்லை. எங்கள் ஊரில் மழை பெய்த மறுநாளே புழுதி பறக்கும். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

மச்சான் இருந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வரப்பில் இரண்டு மட்டக்குதிரைகள் நின்றன. எங்கள் ஊர்க் கீதாரிகள் வலையும் சட்டியும் சுமக்கக் கழுதைதான் வைத்திருப்பார்கள். மச்சானுக்குக் கொஞ்சம் பவிசு. பஸ் வந்ததும் ஜட்காவை விட்டுவிட்ட பரமக்குடிக்காரர் ஒருவரிடம் இந்த இரண்டையும் பிடித்து வந்திருந்தார். பெண் குதிரைக்குச் செல்லி என்று பெயர். ஆண் குதிரையின் பெயரைக் கேட்டேன்.

"சிலோன்" என்றார்.

"ஏன் மச்சான்?"

"நல்லாத் திங்கும். வேலைன்னா படுத்துக்கும்."

கூட இருந்த அவருடைய பங்காளிகள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வந்ததும் வராததுமாக இந்த மரியாதை. சிலோன் என்னுடைய குடையைக் கடித்து இழுத்தது. அதையும் பார்த்துச் சிரித்தார்கள். மச்சான் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்தப் பயணத்தில் அதுதான் கடைசி.

பரிசத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வர்றேன் மாப்ள. இங்கன ஒரு சோலி கெடக்கு, அது முடியட்டும்" என்றார். என்ன சோலி என்று கேட்பதற்குள் ஆடுகளை அடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் என்னையும் வேலைக்கு இழுத்துவிட்டார்கள். காலையில் வலையை அவிழ்ப்பதற்கு முன் குட்டிகளைத் தாயிடம் விட வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆடு, அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தும். எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அவற்றுக்குத் தெரிந்தது. முட்டி முட்டிப் பால் குடித்து முடித்ததும் குட்டிகளைப் பிடித்து, கவிழ்த்த பெரிய கூடைகளுக்கு அடியில் விட்டுவிடுவோம். இளங்குட்டி மேய்ச்சலுக்கு நடக்காது, நரியோ நாயோ கவ்விவிடும். தாயெல்லாம் மேயப் போகும். சாயங்காலம் திரும்பி வரும்போது மடி கனத்துத் தொங்கும், ஓட்டமும் நடையுமாக வரும். கூடைக்குள்ளிருந்து குட்டிகள் கத்த, வரப்பிலிருந்து தாய்கள் கத்த, அந்தச் சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது.

மேய்ச்சலில் பெரிய வேலை உளுந்து வயலைக் காப்பதுதான். இங்கே நெல் அறுத்த ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறார்கள். ஒரு ஆடு அதில் வாயை வைத்தால் போச்சு, ஊரே திரண்டு வரும். வெயிலில் அங்கும் இங்கும் ஓடி என் கால் வீங்கிவிட்டது. கொழும்பில் கல்லாவுக்குப் பின்னால் நின்று பழகிய கால். "சிலோன் படுத்துருச்சுய்யா" என்று பங்காளிகள் கேலி செய்தார்கள். குதிரையைச் சொன்னார்களா என்னைச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் வாய்க்கால் கரையில் ஒரு ஆடு குட்டி போட்டது. செங்கருப்புக் குட்டி, நெற்றியில் மட்டும் வெள்ளை. தாய் நக்கி நக்கி அதை எழுப்பியது. நாலு காலையும் நாலு திசையில் வைத்து நின்று, விழுந்து, மறுபடி நின்றது. மச்சான் என்னுடைய சட்டையைக் கழற்றச் சொன்னார். கொழும்பில் தைத்த டெட்ரான் சட்டை. அதில் குட்டியைச் சுற்றி என் கையில் கொடுத்தார். ஈரமும் சூடும் வாசனையுமாக அது என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பிள்ளை கிடையாது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கிடைக்குத் திரும்பும் வரை அதை நான் செல்லியின் முதுகுக் கூடையில் வைக்கவே இல்லை.

சாயங்காலம் ஒரு தம்பதி வந்தார்கள். கிடை போட்டிருந்த அந்த வயலைக் குத்தகைக்குப் பயிரிடும் கோவிந்தன், அவர் மனைவி அஞ்சம்மாள். அஞ்சம்மாள் வயல் நண்டை இடித்து ரசம் வைத்துச் சட்டியோடு கொண்டு வந்திருந்தார். சோறு ஐ.ஆர். எட்டு அரிசியில் வடித்தது, ரப்பர் மாதிரி இருந்தது. ரசம் அந்தச் சோற்றைக் காப்பாற்றியது. நான் மூன்று தரம் வாங்கிக் குடித்தேன். "இன்னும் ஊத்தட்டுங்களா?" என்று அவர் கேட்டபோது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

சாப்பிட்ட பிறகுதான் சோலி என்னவென்று விளங்கியது.

வயல் ஒரு மிராசுதாருடையது. கோவிந்தனும் அவர் தகப்பனும் காலங்காலமாக அதைக் குத்தகைக்கு உழுகிறவர்கள். குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிய வேண்டும் என்று அரசாங்கம் இப்போது சட்டம் போட்டிருந்தது. பதிந்துவிட்டால் அவர்களைக் கிளப்ப முடியாது. ஆகவே மிராசுதார்கள் முந்திக்கொண்டு, "எல்லாம் எங்கள் சொந்தச் சாகுபடி" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். குத்தகை நெல் அளந்ததற்கு ரசீது கொடுக்கிற வழக்கமே இங்கு இல்லை. இந்த வருஷம் கோவிந்தனை உளுந்துகூடத் தெளிக்க விடாமல் பண்ணை ஆட்கள் விரட்டியிருந்தார்கள். உழுவது யார் என்று நேரில் விசாரிக்கத் தாலுகா ஆபீசிலிருந்து அதிகாரி வரப்போகிறார். ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எல்லோரும் ஏதோ ஒரு வகையில் பண்ணையில் வேலை செய்கிறவர்கள்.

"அசலூர்க்காரர் நீங்க. உங்களுக்கு யார் மேலயும் பாத்தியதை இல்ல. நீங்க சொன்னா அதிகாரி எடுத்துக்குவாரு" என்றார் கோவிந்தன். "கிடை போடச் சொல்றவன்தானே சாகுபடிக்காரன்? வருஷா வருஷம் உங்களுக்கு வெத்திலை வக்கிறது நான்தானே?"

வெற்றிலை வைப்பது இங்கே முறை. என் வயலில் கிடை போடு என்று வயல்காரர் கீதாரிக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தால் பேச்சு முடிந்தது. தை மாதம் கோவிந்தன் வைத்திருந்தார். மச்சான் வாங்கிக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் தொல்லை இல்லை. பத்து நாள் கழித்துப் பண்ணை ஏஜெண்டும் அதே வயலுக்கு வெற்றிலை கொண்டு வந்தார். மச்சான் அதையும் வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரே வயலுக்கு ரெண்டு பேர்கிட்ட வாங்குவீங்களா மச்சான்? உங்களுக்கு மூளை இருக்கா இல்லையா?"

"வெத்திலையத் திருப்புனா அவமரியாதை இல்லையாய்யா?" என்றார் அவர். உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார். "வயல் ஒண்ணுதான், புழுக்கையும் ஒண்ணுதான். ரெண்டு பேரு மனசும் குளுந்துட்டுப் போகட்டும்னு வாங்குனேன். மண்ணுக்குப் போறது மண்ணுக்குப் போயிருதுல்ல. இதுல வம்பு வரும்னு எனக்கு என்ன தெரியும்?"

எங்கள் ஊர் ஆள் வேறு எப்படி நினைப்பார்? எங்களுக்கு நிலம் என்றால் முள்ளும் உப்பும். அதற்கு உரிமை கேட்டு யாரும் அடித்துக்கொள்வதில்லை.

கோவிந்தன் கோபப்படவில்லை. "நடந்தது நடந்துடுச்சுங்க. யாரு வெத்திலை மொதல்ல வந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. அது போதும்" என்றார். மச்சான் அஞ்சம்மாளைப் பார்த்தார், காலியான ரசச் சட்டியைப் பார்த்தார். "சொல்றேன்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் புது வெற்றிலை வாங்கி, ஏஜெண்டு வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்து, "இது எனக்கு ஆகாதுங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன். வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக ஈஸிசேரில் சாய்ந்திருந்த ஏஜெண்டு தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு பேப்பரைப் பார்த்தார். "சரி கீதாரி, போயிட்டு வாங்க" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. திரும்பி வரும் வழியில் மச்சானை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. குட்டி நன்றாக ஓடப் பழகியிருந்தது. சிலோனின் காலுக்கு இடையில் புகுந்து புகுந்து வரும். அந்தச் சோம்பேறிக் குதிரை, காலைத் தூக்கினால் குட்டி மேல் பட்டுவிடும் என்று அசையாமல் நிற்கும். அதிகாரி வரும் நாளும் தெரிந்துவிட்டது. விசாரணை முடிந்ததும் கிளம்புகிறோம், பரிசத்துக்கு நேரத்தில் போய்விடலாம் என்று நான் மனசுக்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மந்தையை வழக்கமான வாய்க்கால் கரைக்கு ஓட்டிப் போனார்கள். நான் குட்டிகளுக்குக் காவலாகக் கிடையில் இருந்தேன். குதிரைகளும் என்னோடு இருந்தன. வெயில் ஏறிய நேரம், பங்காளிகளில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார். எட்டத்திலேயே கத்தினார். என்ன கத்தினார் என்பது எனக்குப் புரியவில்லை. அந்தக் குரலே போதுமானதாக இருந்தது.

நான் போனபோது பாதி ஆடுகள் விழுந்துவிட்டன. மற்றவை தள்ளாடின. வாயில் நுரை, கண் மேலே செருகியிருந்தது, படுத்த வாக்கில் நாலு காலும் சைக்கிள் மிதிப்பது போல் அடித்துக்கொண்டன. கரைப் புல்லில் பூச்சி மருந்து வாடை குப்பென்று அடித்தது. நெல்லுக்கு அடிக்கிற மருந்து. நெல்லே இல்லாத மாசத்தில் கரைப் புல்லுக்கு யார் மருந்து அடிப்பார்கள்?

கோவிந்தன் தெருவிலிருந்து ஆணும் பெண்ணுமாக ஓடி வந்தார்கள். புளியைக் கரைத்து ஊற்றினோம், அடுப்புக் கரியைக் கரைத்து ஊற்றினோம். வாயைப் பிளந்து பிடித்த என் விரல்களை ஒரு கிடா கடித்துக்கொண்டே செத்தது. கோவிந்தன் சைக்கிளில் போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் வந்து சேர்ந்தபோது ஊசி போட உயிரோடு பத்துப் பன்னிரண்டுகூட இல்லை; அவையும் பிழைக்கவில்லை. "கறியை யாரும் தொடாதீங்க. ஆழமாப் பொதைங்க" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனார். போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். "யாருன்னு சொல்லுவீங்க?" என்றார்.

எங்கே புதைப்பது? கரையெல்லாம் பண்ணை நிலம். "என் வயல்லயே தோண்டுங்க" என்றார் கோவிந்தன். அவர் தெரு ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். சிலோனும் செல்லியும் செத்த ஆடுகளைச் சுமந்து வந்தன. நடை நடையாகச் சுமந்தன. சிலோன் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை.

மச்சான் அழவில்லை. ஒவ்வொரு ஆட்டையும் குழியில் இறக்குவதற்கு முன் அதன் காதைத் தடவிப் பார்த்தார். அவ்வளவுதான்.

அழவைத்தது குட்டிகள்தான். சாயங்காலமாகிவிட்டது. தாய் வரும் நேரம் அவற்றுக்குத் தெரியும். கூடைகளுக்குள்ளிருந்து கத்த ஆரம்பித்தன. மேயப் போகாததால் ஒரு குட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை, அத்தனையும் உயிரோடு இருந்தன. பதில் சத்தம் வரவில்லை. வராமல் போகப் போக இன்னும் உரக்கக் கத்தின. நான் காதைப் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அப்போது அஞ்சம்மாள் தெருவுக்குப் போய்த் திரும்பி வந்தார். ஒரு கையில் அவர் வீட்டு வெள்ளாடு. அவருக்குப் பின்னால் அந்தத் தெருப் பெண்கள், ஆளுக்கு ஒன்றும் இரண்டுமாகப் பால் கொடுக்கும் வெள்ளாடுகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த வீடுகளில் இருந்த சொத்தே அதுதான். ஆட்டை இருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் குட்டியை மடியில் ஒட்டினார். வெள்ளாடுகள் உதைத்தன. பெண்கள் அதட்டினார்கள், கொஞ்சினார்கள், "தாயில்லாப் புள்ளடி, கொஞ்சம் நில்லுடி" என்று கெஞ்சினார்கள். பெரும்பாலான குட்டிகள் குடித்தன.

நெற்றி வெள்ளைக் குட்டி குடிக்கவில்லை. வாயைத் திறக்க மறுத்தது. துணியை நனைத்து வைத்தோம், சொட்டுச் சொட்டாக விட்டோம். மறுநாள் காலையில் அது என் டெட்ரான் சட்டை மேல் செத்துக் கிடந்தது. அந்தச் சட்டையோடேயே புதைத்தேன்.

அன்று முழுக்க வெள்ளாடுகள் கிடையிலேயே இருந்தன. பெண்கள் முறை போட்டுக்கொண்டு வந்து தழை போட்டார்கள், தங்கள் பிள்ளைகளுக்குப் பால் இல்லாமல் போனதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. மத்தியானம் ஏஜெண்டு வந்தார். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு வந்தார், அவ்வளவு மரியாதை.

"கேள்விப்பட்டு ஐயா ரொம்ப வருத்தப்பட்டாருங்க கீதாரி" என்றார். "இந்த ஊருல இப்படி ஒரு பாவம் நடக்கலாமா? உங்களுக்குப் பொண்ணு கல்யாணம்னு சொன்னாங்க. பண்ணையில ஆடு இருக்குது, ஓட்டிக்கிட்டுப் போங்க. அடுத்த வருஷம் ஐயா நெலம் பூராவும் உங்க கிடைதான். வேற யாரையும் விடப்போறதில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "நாளைக்கு அதிகாரி வர்றாரு. வெத்திலை வச்சது யாருன்னு கேப்பாரு. உங்களுக்கே தெரியும்."

அவர் போன பிறகு நான் சொன்னேன். "கொன்னவனே வந்து பேரம் பேசுறான் மச்சான். இவனுக்கா நீங்க..." மச்சான் கூடைக்கு அடியில் கையை விட்டு ஒரு குட்டியின் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், நிறைந்திருக்கிறதா என்று. பெண்ணுக்குப் பரிசம் நிற்கும், அக்கா என்ன சொல்வாள், பங்காளிகளின் ஆடுகளுக்கு யார் பதில் சொல்வது, எல்லாம் அந்த முகத்தில் ஓடியது. அவரைத் திட்டவும் என்னால் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். நடுத்தர வயது, கண்ணாடி, வியர்வையில் நனைந்த சட்டை. பொல்லாத மனுஷனாகத் தெரியவில்லை. வயலில் புதிதாக மூடிய குழியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். ஒரு பக்கம் ஏஜெண்டும் பண்ணை ஆட்களும். இன்னொரு பக்கம் கோவிந்தன், அஞ்சம்மாள், அவர்கள் தெருவார். நடுவில் கிடை. அதில் வெள்ளாடுகளின் மடியில் செம்மறிக் குட்டிகள் காலைப் பாலைக் குடித்துக்கொண்டிருந்தன.

ஊர்க்காரர்கள் இருவரைக் கேட்டார். தெரியாதுங்க, தெரியாதுங்க. பிறகு மச்சானைக் கூப்பிட்டார்.

"இந்த வயல்ல கிடை போடச் சொல்லி உங்களுக்கு வெத்திலை வச்சது யாருங்க?"

மச்சான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். கோவிந்தன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை. இவர் சொல்லிவிடுவார் என்று நம்பி, அதிகாரி அடுத்து என்ன கேட்பார் என்பதற்குத் தயாராக ஒரு அடி முன்னால்கூட எடுத்து வைத்திருந்தார்.

"ஏஜெண்டய்யா வச்சாகய்யா" என்றார் மச்சான்.

"வேற யாரும்?"

"இல்லைங்க."

அதிகாரி அஞ்சம்மாளின் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஏஜெண்டு அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு போனார். கோவிந்தன் எடுத்து வைத்த அந்த அடியிலேயே நின்றார். தெருவாரில் ஒருவர் மச்சானை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கோவிந்தன் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

அஞ்சம்மாள் கயிற்றை எடுத்துக்கொண்டு கிடைக்குள் வந்தார். தன் ஆட்டை ஓட்டிப் போக வருகிறார் என்று புரிந்ததும், மச்சான் அவருக்கு முன்னால் ஓடி, அந்த ஆட்டின் மடியில் குடித்துக்கொண்டிருந்த குட்டியைப் பிடித்து இழுத்தார். குட்டி காம்பை விடாமல் கத்தியது.

"விடுங்க" என்றார் அஞ்சம்மாள். அவர் மச்சானின் முகத்தைப் பார்க்கவில்லை. "குடிக்கிற வாயை ஏன் இழுக்குறீங்க? அது குடிச்சு முடிக்கட்டும். அப்புறம் ஓட்டிக்கிட்டுப் போறேன்."

மற்றப் பெண்களும் தங்கள் தங்கள் ஆட்டுப் பக்கத்தில் கயிற்றோடு வந்து நின்றார்கள். மச்சான் கையை எடுத்தார். நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றோம், யாரும் யாரையும் பார்க்காமல். அன்றைக்குக் குட்டிகள் மெதுவாகத்தான் குடித்தன.